சந்திரகிரிச் சாளுவன்

விடுமுறையில் தாயகம் செல்லும் நம் குடும்பங்களுள் திருமலைக்குச் செல்லாதவை மிகச் சிலவே. ஆயினும் முடி காணிக்கை செலுத்திப் பிரசாதம் பெற்றுத் திரும்புவோரில் பலர், அடிவாரத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள சந்திரகிரிக் கோட்டையைக் கண்டதில்லை. சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022 இல் பிரிந்த திருப்பதி மாவட்டத்தில் இன்று அது ஒரு சிற்றூர். பதினைந்தாம் நூற்றாண்டிலோ, விசயநகர அரியணையையே கைப்பற்றிய ஒருவன் அங்கிருந்துதான் புறப்பட்டான். அவன் பெயர் சாளுவ நரசிம்மன்.

அவன் அரச குலத்தவன் அல்லன். பேரரசுக்குக் கட்டுப்பட்ட படைத்தலைவர் குடியிற் பிறந்தவன். அவன் முன்னோனாகிய சாளுவ மங்கு, குமார கம்பணனுடன் மதுரைப் படையெடுப்பில் பங்குகொண்டவன். நரசிம்மன் சந்திரகிரியில் தலைமை ஏற்ற காலமோ இடர் மிக்கது. 1464 ஆம் ஆண்டளவில் ஒரிசாவின் கசபதிப் படை காஞ்சியையும் கடந்து தெற்கே வந்தது. 1465 இல் முடிசூடிய இரண்டாம் விரூபாட்சன் ஆளும் திறமற்றவன். அவன் காலத்தில் கோவாத் துறைமுகம் பாமினி சுல்தான் வசமாயிற்று. 1481 இல் பாமினிப் படை காஞ்சிபுரத்தையே சூறையாடியது.

இவ்விடர்களுக்கு இடையே கிழக்குப் பகுதியைக் காத்து நின்றவன் நரசிம்மனே. காஞ்சிக் கொள்ளையோடு திரும்பிய படையைக் கந்துகூரில் அவனுடைய தளபதி ஈசுவர நாயக்கன் மடக்கினான் எனத் தெலுங்கு வராகபுராணம் கூறும்.

1485 இல் விரூபாட்சனை அவன் மூத்த மகனே கொன்றான். அரசனான அவன் தம்பி அம்மகனையும் கொன்றான். தலைநகரின் நிலை கண்ட நரசிம்மன், ஈசுவர நாயக்கனின் மகன் நரச நாயக்கனைப் படையுடன் அனுப்பினான். அரண்மனை வாயிலில் தடுப்பார் எவருமில்லை. அரசன் செல்வத்தையும் மனைவியரையும் கைவிட்டு ஓடினான் என்று எழுதுகிறார் போர்த்துக்கீசியரான நூனிஸ்.

அரசனான நரசிம்மன் முதலில் நாடியது குதிரைகளை. குதிரைகள் கடல் கடந்து வந்தன. குதிரைப்படையின்றி அக்காலத்தில் அரசு நில்லாது. மேலைக் கடற்கரைத் துறைமுகங்களைக் கைக்கொண்டு வணிகரை வரவழைத்தான். வழியில் கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும், உயிருள்ள குதிரைக்குரிய விலையைக் கொடுத்தானாம். இதுவும் நூனிஸ் தரும் செய்தியே. ஆனால் கசபதியை அவனால் வெல்ல இயலவில்லை. அவர்களிடம் சிறைப்பட்டு, உதயகிரியைக் கொடுத்தே மீண்டான்.

திருமலையில் அவனுடைய மற்றொரு முகத்தைக் காண்கிறோம். திருமலையிலும் திருப்பதியிலும் இராமானுசகூடங்கள் அமைத்து, அடியார்க்கு உணவளிக்க ஊர்களை எழுதிவைத்தான்; அவற்றைக் கந்தாடை இராமானுச ஐயங்காரிடம் ஒப்புவித்தான். 1470 இல் சம்பங்கிப் பிரகாரத்தின் நான்கு மூலைகளிலும் தன் பெயரால் ஒன்றும், மனைவி பெயரால் ஒன்றும், இரு மைந்தர் பெயரால் இரண்டுமாக மண்டபங்கள் எடுத்தான்.

1491 இல் அவன் மரணப் படுக்கையில் கிடந்தபோது, இளம் மைந்தர் இருவரையும் நரச நாயக்கனிடம் ஒப்படைத்தான். தனக்காக அரண்மனையைப் பிடித்துத் தந்தவனைவிட நம்பத்தக்கவர் வேறு எவர்? ஆனால் மூத்தவன் விரைவில் கொல்லப்பட்டான். இளையவன் இம்மடி நரசிம்மன் பெயருக்கு அரசனாகிப் பெனுகொண்டாவில் காவலில் வாழ்ந்தான். நாட்டை ஆண்டவன் நரசனே. 1503 இல் நரசன் மறைந்தபின், அவன் மகன் வீரநரசிம்மன் 1505 இல் இம்மடியைக் கொல்வித்துத் தானே முடிசூடினான். சாளுவர் ஆட்சி இருபதே ஆண்டுகளில் முடிந்தது.

நரசிம்மன் துரோகியா, காவலனா? அவன் வந்திராவிடில் விசயநகரம் அன்றே சிதறியிருக்கக் கூடும். கிருஷ்ணதேவராயன் ஆள நாடே இருந்திராது. ஆயினும் வலியவன் அரசனை அகற்றலாம் என்ற வழியைத் தன் தளபதிக்குக் காட்டியவனும் அவனே. மைந்தர்க்கு மண்டபம் எடுத்தவனால் மைந்தர்க்கு உயிர்க்காவல் அமைக்க முடியவில்லை. அவன் வாளால் பெற்றது வாளாலேயே போயிற்று. பசித்தோர்க்குச் சோறிட அவன் எழுதிவைத்தது கல்லில் நிற்கிறது.

அடுத்த முறை தாயகம் செல்கையில் சந்திரகிரிக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். திருமலைக் கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. நம் பிள்ளைகள் தமிழெழுத்தை மறவாதிருந்தால், அந்நூற்றாண்டின் சோற்றுக் கணக்கையும் அவர்கள் ஒரு நாள் தாமே படித்தறியலாம்.