ஆப்பிளில் பொம்மை ஸ்டிக்கர்: அமெரிக்க ஆராய்ச்சி வாபஸ் ஆனது ஏன்?

ஆப்பிள் மேல 'எல்மோ' பொம்மை ஸ்டிக்கரை ஒட்டுனா பிள்ளைங்க அதை விரும்பி எடுப்பாங்க என்று 2012-ல் அடித்துச் சொன்னார், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக பேராசிரியர் பிரையன் வான்சிங்க். 8 முதல் 11 வயது மாணவர்களிடம் ஆப்பிளும் பிஸ்கட்டும் வைத்து சோதித்ததாக எழுதியிருந்தார்.

2017-ல் குட்டு உடைந்தது. சோதித்தது 3 முதல் 5 வயது காப்பகக் குழந்தைகளிடம்! கட்டுரை வாபஸ் ஆனது.

வயசு மாறினா என்ன என்று கேட்கலாம். 3 வயசுக்கு பொம்மைன்னா உயிர். 10 வயசு பையனோ, "நான் என்ன பாப்பாவா?" என்பான்.

இன்னொரு ஓட்டை: சில நாள் சோதனைதான். யார் எதை எடுத்தாங்க என்பதுதான் கணக்கு. எடுத்தவன் முழுசா தின்னானா, கடித்துப் போட்டானா? ஒரு மாசம் போனா ஸ்டிக்கர் சலித்துப் போகாதா? அதற்கு அதில் பதில் இல்லை.

2018-ல் வான்சிங்க் முறைகேடு செய்ததாக பல்கலைக்கழகமே அறிவித்தது. அவர் ராஜினாமா செய்தார்.