பாட்டுக்கும் முள்வேலியா?

1947-ல் வெள்ளைக்காரன் மூட்டை கட்டியபோது பஞ்சாபை இரு துண்டாக வெட்டிவிட்டுப் போனான். கோடு கிழித்தவர் ராட்கிளிஃப் என்ற லண்டன் வக்கீல். அதற்கு முன் இந்த நாட்டையே பார்த்திராதவர்! ஐந்தே வாரத்தில் வேலை முடிந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள்; ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அகதிகளானார்கள்.

நிலத்தை வெட்டினார்கள், பாட்டை வெட்ட முடிந்ததா? குரு நானக்குடன் ஊர் ஊராக நடந்து ரபாப் மீட்டிய மர்தானா ஒரு முஸ்லிம். லாகூரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த கவிஞர் ஷா ஹுசைன், இந்துவாகப் பிறந்த தம் நண்பர் மாதோ லாலின் பக்கத்தில் உறங்குகிறார். 1766-ல் வாரிஸ் ஷா எழுதிய ஹீர் காதல் கதையை அமிர்தசரஸ் விவசாயியும் பாடுகிறான், லாகூர் விவசாயியும் பாடுகிறான். இதில் எது இந்தியப் பாட்டு? எது பாகிஸ்தான் பாட்டு?

2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 அப்பாவிகளைப் பயங்கரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலைகாரர்களுக்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் மறுமாதம் நடந்தது என்ன? பாகிஸ்தான் பாடல்களை நிறுத்தும்படி இணைய நிறுவனங்களுக்கு நமது மத்திய சர்க்கார் தாக்கீது விட்டது. அங்கே தனியார் பண்பலை வானொலிகள் இந்தியப் பாடல்களை நிறுத்தின. அமிர்தசரஸ் அருகே பிறந்து லாகூரில் வளர்ந்தவர் முகமது ரஃபி. ஜலந்தரிலிருந்து போன குடும்பத்தில் பிறந்தவர் நுஸ்ரத் ஃபதே அலி கான். இவர்கள் பாட்டு யாரைச் சுட்டது?

அதே ஆண்டு செப்டம்பரில் துபாயில் இரு நாட்டுக் கிரிக்கெட் அணிகளும் மூன்று முறை மோதின. விளம்பரப் பணம் கொட்டும் ஆட்டம் என்றால் தேசபக்திக்கு விடுமுறை! ஏழையின் பாட்டு என்றால் தேசத்துக்கு ஆபத்து! என்ன நியாயம் இது?

பாகிஸ்தான் கலைஞர்களைத் தடை செய்யக் கோரிய மனுவை 2023-ல் சுப்ரீம் கோர்ட்டே தள்ளுபடி செய்தது. அந்தப் புத்தி ஆள்வோருக்கு ஏன் வரவில்லை?

காரணம் தெளிவு. கூலி உயர்வு கேட்டாலும், கோதுமைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டாலும், “எல்லையில் எதிரி” என்று கூச்சலிட்டு வாயடைக்க வேண்டும். எதிரியின் பாட்டும் நம் பாட்டும் ஒன்றே என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டால் அந்தக் கூச்சல் எடுபடாது.

தோழர்களே! இரு கரையிலும் வயலில் குனிவதும் தறியில் நிற்பதும் உழைப்பாளியே. அவன் பாட்டுக்கு வேலி போட எவனுக்கும் உரிமையில்லை. தடைகளை நீக்கு என்று உரக்கக் கேட்போம்!