ஆறு கேள்விகளில் தேறிய கைத்துப்பாக்கி

காலித் தீப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செங்குத்தாகப் பிடித்து, உள்பெட்டியை மட்டும் பாதியளவு மேலே இழுத்து வையுங்கள். இப்போது ஒரு சாண் உயரத்திலிருந்து மேசை மீது நேராக விழவிடுங்கள். வெளிக்கூடு மேசையில் மோதி நின்றுவிடும். உள்பெட்டியோ சரக்கென்று கீழிறங்கிக் கூட்டுக்குள் புகுந்துகொள்ளும். அதை யாரும் கையால் தள்ளவில்லை. கூடு நின்ற பிறகும் உள்பெட்டி தன் இயக்கத்தைத் தொடர்ந்தது, அவ்வளவுதான். பாடத்தில் நீங்கள் படித்த நிலைமம் என்னும் பண்பு இதுவே.

இனி, தீப்பெட்டியின் இடத்தில் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். துப்பாக்கியின் உடல் வெளிக்கூடு. விரலால் இழுக்கும் டிரிகர் உள்பெட்டி. துப்பாக்கி கை தவறி விழுந்து, அதன் பின்முனை தரையில் மோதினால் என்ன ஆகும்? உடல் நின்றுவிடும். டிரிகர் பின்னோக்கி நகர முயலும். பின்னோக்கி நகர்வது என்றால், விரலால் இழுக்கப்படுவது போலத்தான். யாரும் தொடாமலே துப்பாக்கி வெடிக்கக் கூடும்!

எவ்வளவு விசை பிறக்கும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். துப்பாக்கி 1.2 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இடுப்பளவு உயரத்திலிருந்து விழுவதாகவும், கான்கிரீட் தரையில் மோதி 1 மில்லிமீட்டர் தொலைவுக்குள் நின்றுவிடுவதாகவும் கொள்வோம். விழுந்த உயரத்தை நின்ற தொலைவால் வகுத்தால் 1200 கிடைக்கிறது. அதாவது, எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 1200 மடங்கு. 10 கிராம் நிறையுள்ள டிரிகர், அந்தக் கணத்தில் 12 கிலோகிராம் எடை தொங்குவதற்கு ஈடான விசையை உணரும். விரலால் இழுப்பதற்கோ பல கைத்துப்பாக்கிகளில் 3 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையே போதும்.

அப்படியானால் விழும் துப்பாக்கியெல்லாம் வெடிக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இந்த விசை நீடிப்பது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே. மேலும், எந்தப் பக்கம் மோதுகிறது என்பதைப் பொறுத்து டிரிகர் முன்னோ பின்னோ பக்கவாட்டிலோ தள்ளப்படும். தவறான கோணம், கடினமான தரை, கனமான டிரிகர் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போதுதான் விபத்து நேர்கிறது. இதைத் தடுப்பது வடிவமைப்பாளரின் கடமை. அந்தக் கடமையில் பிழை தெரியவந்தால் தயாரிப்பாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே நான் உங்களோடு பேச விரும்பும் செய்தி.

அமெரிக்காவில் இது பழைய சிக்கல். 1873-இல் வெளிவந்த கோல்ட் ரிவால்வரில் ஆறு தோட்டாக்கள் போட இடமுண்டு. ஆயினும் விவரம் அறிந்தவர்கள் ஐந்து மட்டுமே போட்டு, சுத்தியலின் கீழ் ஓர் அறையைக் காலியாக வைத்துக்கொள்வார்கள். சுத்தியலின் மீது அடி பட்டால் கீழிருக்கும் தோட்டா வெடித்துவிடும் என்ற அச்சமே காரணம். பொருளில் இருந்த குறையைப் பயன்படுத்துபவர் தம் எச்சரிக்கையால் ஈடுகட்டினார். எச்சரிக்கை அறியாதவர் என்ன செய்வார்?

1944-இல், இரண்டாம் உலகப் போரின்போது, ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தின் ரிவால்வர் ஒன்று போர்க்கப்பலின் எஃகுத் தளத்தில் விழுந்து வெடித்தது. ஒரு மாலுமி இறந்தார். அந்த ரிவால்வரில் ஏற்கெனவே ஒரு பாதுகாப்புத் தடை இருந்தது, அது போதவில்லை. நிறுவனத்தின் பொறியியலாளர்கள் விரைவிலேயே புதிய தடை ஒன்றை வடிவமைத்தார்கள். டிரிகரை முழுவதும் இழுத்தாலன்றிச் சுத்தியல் தோட்டாவைத் தொட முடியாதபடி குறுக்கே நிற்கும் எஃகுத் துண்டு அது. இங்கே பிழைக்கும் திருத்தத்துக்கும் இடையே காலம் அதிகம் ஓடவில்லை.

ரூகர் நிறுவனத்தின் கதை வேறு. 1953 முதல் அது கோல்ட் ரிவால்வரின் பழைய முறையைப் பின்பற்றிய ரிவால்வர்களைச் செய்து விற்றது. 1973-இல் பாதுகாப்பான புதிய அமைப்புக்கு மாறியது. ஆனால், அதற்கு முன் விற்றவற்றையும் இலவசமாகத் திருத்தித் தருவதாக 1982-இல்தான் அறிவித்தது. இனி விற்கும் பொருளைத் திருத்துவது எளிது. விற்றுவிட்ட பொருளைத் தேடிச் சென்று திருத்துவதே கடினம். செலவும் மிகுதி, பெயருக்கும் இழுக்கு.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். சிக் சாவர் நிறுவனம் 2014-இல் பி320 என்ற கைத்துப்பாக்கியை வெளியிட்டது. 2017 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படையே அதன் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், தனியார் சிலர் நடத்திய சோதனைகளில், சாய்வான ஒரு கோணத்தில் பின்முனை முதலில் மோதும்படி விழுந்தால் அது வெடிக்கிறது என்பது தெரியவந்தது. நாம் தீப்பெட்டியில் கண்ட அதே நிலைமம்தான்! டல்லாஸ் நகரக் காவல் துறை அதன் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. தங்கள் துப்பாக்கி தரச்சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியது என்றது நிறுவனம். சில நாட்களில், ஆகஸ்ட் 8 அன்று, இலவச மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. டிரிகரையும் அதனோடு இயங்கும் உறுப்புகளையும் எடை குறைந்தவையாக மாற்றித் தருவதே அதன் சாரம். நிறை குறைந்தால் விசையும் குறையும் அல்லவா? தரைப்படையின் சோதனைகளிலும் இதே குறை வெளிப்பட்டு, இதே வழியில் திருத்தப்பட்டது என்பதை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அறிக்கை 2018 ஜனவரியில் தெரிவித்தது.

சோதனையில் தேறியது என்று நிறுவனம் சொன்னது பொய்யா? இல்லை; தேறியது உண்மைதான். அங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. அமெரிக்கத் துப்பாக்கி உற்பத்தியாளர் கழகத்தின் விதிப்படி, துப்பாக்கியை 4 அடி உயரத்திலிருந்து, கான்கிரீட் மீது விரித்த 1 அங்குல ரப்பர் விரிப்பின் மேல் போட வேண்டும். குழல் மேலாக, கீழாக, பிடி மேலாக, கீழாக, இடப்பக்கமாக, வலப்பக்கமாக என ஆறு நிலைகள். சாய்வான கோணம் அந்த ஆறில் இல்லை. ரப்பர் விரிப்பு துப்பாக்கியை 5 மில்லிமீட்டர் தொலைவில் நிறுத்துகிறது என்று கொண்டால், நம் கணக்கில் 1200 மடங்கு 240 ஆகிவிடும். 12 கிலோகிராம் 2.4 ஆகிவிடும்.

தேர்வுக்கு ஆறே கேள்விகள் வரும் என்று தெரிந்துகொண்டு, அந்த ஆறை மட்டும் படித்துத் தேறிய மாணவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் ஏமாற்றவில்லை. ஆனால், ஏழாவது கேள்வியைக் கேட்டால் விழிப்பார். கை தவறிய துப்பாக்கி விழும் கோணத்தை எந்த விதிப்புத்தகமும் தீர்மானிப்பதில்லை. ஆகவே, ஏழாவது கேள்வியில் பிழை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, ஆறில் தேறிய சான்றிதழைக் காட்டுவது விடையாகாது என்பது என் கருத்து.

துப்பாக்கியைக் கீழே போட்டவரின் கவனக்குறைவுக்குத் தயாரிப்பாளர் எப்படிப் பொறுப்பாவார் என்று சிலர் கேட்பதுண்டு. கையில் பிடிக்கும் பொருள் என்றாவது ஒரு நாள் கீழே விழும். இதை அறியாத பொறியியலாளர் இருக்க முடியாது. வேறு சிலர், எல்லாக் கோணங்களையும் யார்தான் சோதிக்க முடியும் என்பார்கள். இது நியாயமான வாதம். முன்கூட்டியே எல்லாவற்றையும் அறிய எவராலும் இயலாது. அதனால்தான், அறிந்த பின் செய்ய வேண்டிய கடமை இன்னும் கனமாகிறது.

அந்தக் கடமையில் சொற்களும் அடங்கும். 2017-இல் நிறுவனம் தன் திட்டத்துக்கு 'விருப்ப மேம்பாடு' என்று பெயரிட்டது. திரும்ப அழைப்பு என்று சொல்லவில்லை. மேம்பாடு என்று கேட்பவர், இருப்பதே நன்றாக இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று துப்பாக்கியை மேசை அறையில் போட்டு வைக்கக் கூடும். ஆபத்து என்று கேட்பவர் அன்றே அனுப்பிவைப்பார். ஒரு சொல்லின் வேறுபாட்டில் ஓர் உயிர் தொங்கலாம்.

சட்டம் கட்டாயப்படுத்தாதா? அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. பொம்மைத் துப்பாக்கி பழுதானது என்றால் அதைத் திரும்பப் பெறச் செய்யும் அதிகாரம் அதன்படி அமைந்த ஆணையத்துக்கு உண்டு. உண்மையான துப்பாக்கிக்கு அந்தச் சட்டம் விலக்கு அளித்துவிட்டது. எனவே, வழக்குமன்றமும் வாங்குவோரின் கோபமும் தயாரிப்பாளரின் மனச்சான்றுமே மிஞ்சுகின்றன. மனச்சான்றை மட்டும் நம்பி ஓர் ஆபத்தான பொருளை விடுவது சரியன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாளை உங்களில் சிலர் பொறியியலாளர் ஆவீர்கள். நீங்கள் வடிவமைப்பது துப்பாக்கியாக இருக்க வேண்டியதில்லை. சமையல் குக்கராகவோ மின்தூக்கியாகவோ மருத்துவக் கருவியாகவோ இருக்கலாம். அதில் ஒரு பிழை இருப்பதாக முன்பின் தெரியாத ஒருவர் ஒரு நாள் எழுதக் கூடும். அப்போது சான்றிதழைத் தேடி அலமாரியைத் திறக்காதீர்கள். அவர் சொன்ன கோணத்தில், அவர் சொன்ன தரையில், உங்கள் பொருளை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.