அந்தரங்கத்திற்கு யார் காவல்?

ஆரணிப் பட்டு வட்டாரத்தைச் சேர்ந்த களம்பூரிலிருந்து ஜவுளி வியாபாரி ஒருவர் நமக்கு எழுதி, ஒரு யோசனையைப் பற்றி நமது அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறார். புதுச் சேலைகளின் மாதிரிகளும், ஜரிகைக் கணக்கும், வெளியூர்க் கடைக்காரர்களோடு பேசும் விலையும் இன்று கைப்பேசியிலேயே போய்வருகின்றன. அவற்றைப் பிறர் பாராமற் காக்க வேண்டி, அவரும் நண்பர்கள் சிலரும் பணம் சேர்த்து ஒரு நிரலாளரை அமர்த்தி, சொந்தமாக ஒரு வி.பி.என். செயலியைச் செய்விக்கப் போகின்றார்களாம். பிறகு அதைப் பொதுஜனங்களுக்கு இலவசமாகக் கொடுத்து, விளம்பரத்தால் லாபம் பெறவும் உத்தேசமாம். முயற்சியைப் பாராட்டுகிறோம். ஆயினும் பணம் கைமாறுமுன் அவர்கள் சில விஷயங்களை ஆலோசிப்பது நலம்.

வி.பி.என். என்பது யாது? திறந்த தபால் அட்டையில் எழுதியதை வழியிலுள்ளோர் யாவரும் படிக்கலாம். அதையே உறையிலிட்டு முத்திரை வைத்து, நமக்கு நம்பிக்கையுள்ள ஒருவரிடம் சேர்ப்பித்தால், அவர் உறையைப் பிரித்து உரிய இடத்திற்கு அனுப்புவார். இடையிலுள்ள தொலைபேசிக் கம்பெனிக்கு உறை மட்டுமே தெரியும். 1996-ம் வருஷத்தில் மைக்ரோசாப்ட் கம்பெனியில் இம்முறையின் ஆரம்ப வடிவமொன்றை உருவாக்கியவர்களுள் குர்தீப் சிங் பால் என்னும் இந்தியரும் ஒருவர். வெளியூரில் இருக்கும் ஊழியர் தம் காரியாலயத்துக் கணக்கைப் பத்திரமாகப் பார்ப்பதே அதன் ஆதி நோக்கம்.

இதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. உறையைப் பிரிப்பவரிடம் நம் அந்தரங்கம் முழுவதும் சென்று சேர்கிறது. ஆபத்து ஒழியவில்லை, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறியிருக்கிறது. அந்த மற்றொருவர் யார் என்பதே கேள்வி.

இதற்கு உலகம் கண்ட உதாரணங்கள் பல. ஆஸ்திரேலிய அரசாங்க ஆராய்ச்சி ஸ்தாபனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்தோர் உட்பட்ட நிபுணர்கள் 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளைச் சோதித்து, 2016-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 18 செயலிகள் செய்தியை மறைக்காமலே அனுப்பின. நூற்றுக்கு 75, உபயோகிப்போரைப் பின்தொடரும் அன்னியர் நிரல்களைத் தம்முள் வைத்திருந்தன. நூற்றுக்கு 38-ல் தீய நிரலின் அடையாளம் காணப்பட்டது. பேஸ்புக் கம்பெனி 2013-ல் வாங்கிய ஓனாவோ என்னும் செயலி, காவல் என்று பெயர் வைத்துக்கொண்டு ஜனங்களின் நடவடிக்கைகளைத் தன் எஜமானனுக்குச் சேகரித்துக் கொடுத்தது. 2018-ல் ஆப்பிள் கம்பெனி அதைத் தன் கடையிலிருந்து விலக்கச் செய்தது. 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இலவசம் என்பதன் பொருள் இதுவே. பணம் கொடாதவன் சரக்கை வாங்குகிறவனல்லன்; அவனே விற்கப்படும் சரக்கு. களம்பூர் நண்பர்கள் விளம்பர லாபத்தை நாடினால், அவர்களும் அந்தப் பாதையிலேயே போக நேரும்.

இனி ஸர்க்கார் விதிகளைப் பார்ப்போம். 2022-ம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி, செர்ட்-இன் என்னும் மத்திய ஸர்க்கார் இலாகா ஓர் உத்தரவு பிறப்பித்தது. பொதுஜனங்களுக்கு வி.பி.என். வசதி அளிப்போர், வாடிக்கைக்காரரின் பெயர், விலாசம், தொலைபேசி எண், எதற்காக உபயோகிக்கிறார் என்னும் விவரம் யாவற்றையும் பதிந்து, அவர் விலகிய பின்னரும் 5 வருஷம் காத்து வைக்க வேண்டுமாம். மீறினால் ஓராண்டு வரை சிறைவாசம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ப்ஷார்க் முதலிய அன்னியக் கம்பெனிகள் இதற்கு இணங்காமல், இந்தியாவில் வைத்திருந்த ஸர்வர்களை அகற்றிக்கொண்டன.

இவ்வுத்தரவை நாம் ஆதரிப்பதற்கில்லை. குற்றவாளிகளும் மறைவழியை உபயோகிக்கிறார்கள் என்பது மெய்யே. சந்தேகத்திற்கு இடமானவனைப் பற்றி முறைப்படி உத்தரவு பெற்று விசாரிப்பதை யாரும் ஆட்சேபியார். ஆனால் ஒருவன் செய்யும் குற்றத்திற்காக ஊரார் அனைவரின் ஜாபிதாவையும் முன்கூட்டியே தயாரித்து வைப்பது எந்த நியாயம்? 1898-ம் வருஷத்துத் தபால் சட்டத்தின் மூலம் கடிதங்களைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை அன்னிய ஆட்சி வைத்துக்கொண்டிருந்தது. அந்த அதிகாரத்தின் கீழ் வாழ்ந்த நம் முன்னோர் அந்தரங்கத்தின் அருமையை நன்கு அறிவர். அந்தரங்க உரிமை அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமையே என்று 2017-ம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். அதற்குப் பின்னரும் இத்தகைய உத்தரவு நிலைத்திருப்பது சுதந்திர நாட்டின் ஸர்க்காருக்கு அழகன்று.

எனினும் விதி இருக்கும்வரை நம் நண்பர்கள் அதை அறிந்தே நடக்க வேண்டும். பொதுஜனங்களுக்குச் செயலியை வழங்கினால், பல்லாயிரம் பேரின் விவரங்களைக் காக்கும் பொறுப்பு களம்பூரில் ஓர் அறையில் வந்து அமரும். அது திருடு போனால் யார் பதில் சொல்வது? ஸ்தாபனங்கள் தம்மவர்க்காக மட்டும் நடத்தும் தனிவழிக்கு இந்த ஜாபிதா விதி பொருந்தாதென்று ஸர்க்காரே 2022 மே மாதத்தில் விளக்கியிருக்கிறது. ஆகையால், தங்கள் சங்கத்திற்கு மட்டும் என்று வரம்பிட்டுக்கொள்வதே விவேகம்.

அப்படியாயின், நிரலாளரை எவ்வாறு அமர்த்துவது? புதிதாக ஒரு பூட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லக் கூடாது. வயர்கார்டு என்னும் முறை ஏற்கெனவே உள்ளது. அது 2020-ம் வருஷத்தில் லினக்ஸ் மூலநிரலிலேயே சேர்க்கப்பட்டது. அப்போது அது சுமார் 4,000 வரிகளுக்குள் அடங்கியது. யாரும் படித்துப் பரிசோதிக்கலாம். அதை எடுத்துச் சங்கத்தின் தேவைக்கு அமைத்துத் தருவதே நிரலாளரின் வேலையாக இருக்கட்டும்.

உடன்படிக்கையில் கண்டிப்பாக எழுத வேண்டியவை சில. மூலநிரல் சங்கத்தின் சொத்தாக இருத்தல் வேண்டும். ஸர்வரின் சாவியும், செயலிக் கடையில் உள்ள கணக்கும் சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். இத்தகைய செயலியைத் தனி நபர் பெயரில் ஆப்பிள் கம்பெனி ஏற்பதுமில்லை. விளம்பர நிரல், பின்தொடரும் நிரல் எதுவும் கூடாது. பணத்தை ஒரே தவணையில் கொடாமல், வேலை முடிந்த அளவைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கடைசித் தவணைக்கு முன் வேறொரு நிபுணரைக் கொண்டு சோதிக்க வேண்டும். பின்னர் ஏற்படும் ஓட்டைகளை அடைக்க வருஷாந்தர ஏற்பாடும் தேவை. தறியும் நூலும் பிறர் வசமிருக்க, கூலிக்கு நெய்பவன் நிலையை நம் நெசவாளர் நன்கு அறிவர். சாவியைப் பிறரிடம் விட்ட வியாபாரியின் நிலையும் அதுவே.

இவ்வளவும் செய்த பின்னரும், ஒரு மாதிரி வெளியே போவதை இச்செயலி தடுத்துவிடுமென்று எண்ணலாகாது. வாட்ஸப்பில் செல்லும் செய்தி 2016 முதற்கொண்டே இருமுனைக்கிடையில் பூட்டப்பட்டுத்தான் செல்கிறது. பட்டு மாதிரி வழியில் களவு போவதை விட, பெற்றுக்கொண்டவர் அதை இன்னொருவருக்கு அனுப்புவதால் களவு போவதே எளிது. அதற்கு மருந்து வேறு. 2000-ம் வருஷத்து வடிவமைப்புச் சட்டத்தின்படி, புது வடிவத்தை வெளியிடுமுன் பதிந்துகொண்டால் 10 வருஷமும், பிறகு 5 வருஷமும் பாதுகாப்பு கிடைக்கும். செயலிக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிடும்படி யோசனை கூறுகிறோம்.

பட்டு மெய்யா பொய்யா என்று அறிய, ஓர் இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பது பழைய வழக்கம். முடி கருகும் வாசனை வந்தால் அது பட்டு. கண்ணுக்குத் தெரியாத சரக்கை வாங்கும்போதும் அதே ஜாக்கிரதை வேண்டும். களம்பூர் நண்பர்கள் தங்கள் பூட்டைத் தாங்களே அமைத்து, தங்கள் சாவியைத் தாங்களே வைத்துக்கொள்ளட்டும். ஊராரின் சாவிகளை மட்டும் வாங்கி வைக்க வேண்டாம்.