நர்சைக் கட்டிப் போட்டிருப்பது சம்பளமா? 'பெர்மனண்ட்' ஆசையா?

தஞ்சாவூர்,

சம்பளம் குறைவு. நைட் டூட்டி உண்டு. வெளிநாடு போனால் பல மடங்கு கிடைக்கும். அப்படி இருந்தும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் உள்ள ஒப்பந்த நர்சுகள் பலர் வேலையை விட மறுக்கிறார்கள். ஏன்?

ஒரே காரணம்தான். "நாளைக்குப் பெர்மனண்ட் ஆகிவிடும்" என்ற நம்பிக்கை!

7,700 ரூபாய்

2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தது. மாதம் 7 ஆயிரத்து 700 ரூபாய். 2 வருடத்தில் நிரந்தரம் என்பது எதிர்பார்ப்பு.

2 வருடம் ஓடியது. எல்லோருக்கும் நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் நர்சுகள் திரண்டு உட்கார்ந்து விட்டனர். ஐகோர்ட்டு தலையிட்ட பிறகு வேலைக்குத் திரும்பினர். பின்னர் சம்பளம் 14 ஆயிரம் ஆனது. 2023-ல் 18 ஆயிரம் என்று அறிவிக்கப்பட்டது.

கியூவில் நிற்பது போல...

காலி இடம் விழ விழ, சீனியாரிட்டிப்படி சிலர் நிரந்தரம் ஆகிறார்கள். ஆனவருக்குச் சம்பளம் இரண்டு மடங்கு தாண்டும். பாதியில் விட்டால் இடம் போச்சு. ரேஷன் கடையில் 3 மணி நேரம் நின்றவர் லேசில் நகர்வாரா? அதே கதைதான்.

ஊரார் பிரசவம் பார்க்கும் ஒப்பந்த நர்சுகள், தங்களுக்குச் சம்பளத்தோடு பிரசவ லீவு கேட்டுக் கோர்ட்டுப் படி ஏற வேண்டி வந்தது. 2025-ல் ஐகோர்ட்டு அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது.

கியூவே கலைந்ததும் உண்டு. கொரோனா காலத்தில் எடுத்த 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளின் வேலை 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது.

தனியாரில்?

சில இடங்களில் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக் கொள்கிறார்கள். அது பிடித்து வைப்பது. தக்க வைப்பது ஆகாது.

2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி அமைந்த கமிட்டி, சின்ன ஆஸ்பத்திரியிலும் குறைந்தது 20 ஆயிரம் தரவேண்டும் என்றது. கேரளம், நர்சுகளின் போராட்டத்துக்குப் பின் 2018-ல் அதை அமலாக்க உத்தரவு போட்டது.

காத்திருப்பது தஞ்சை விவசாயி மகளுக்குப் புதிது அல்ல. ஆனால் மேட்டூர் அணை திறப்புக்கு ஜூன் 12 என்று ஒரு தேதி உண்டு. தண்ணீர் தள்ளிப் போனாலும், கேள்வி கேட்க அந்தத் தேதி இருக்கிறது.

நர்சுக்கு அந்தத் தேதியும் இல்லை. முதலில் அதைச் சொல்லட்டும்!