இடைப்பட்ட பத்தாண்டு

1981ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி இலங்கையில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் நூற்றுக்கு 6.6, 2012இல் 12.4. வாழ்நாள் நீண்டது, பிறப்பு அருகியது. முதியோர் பெருகுதல் நாட்டுக்குப் பழியன்று, பேறேயாம். ஆயின் அப்பேற்றினை நாம் எங்ஙனம் பேணுகின்றோம்?

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம், 60 வயது நிறைந்தாரை முதியோர் என்கிறது. தம்மைத் தாமே தாங்கவியலாப் பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி, அதற்கென அமைந்த சபையிலே முறையிடலாம் என்கிறது. என் அயலில் வாழும் 64 வயது அம்மையாரிடம் இதனை எடுத்துரைத்தேன். கூலிவேலை செய்தவர்; மகனும் கூலியாள். “அவன்ரை பிள்ளையளின்ரை சோத்தையோ நான் வழக்காடிப் பறிக்கிறது, பண்டிதர்?” என்றார். நான் வாளாவிருந்தேன்.

வறிய முதியோர்க்கு அரசு வழங்கும் மாத உதவித்தொகையோ 70 வயதிலேதான் தொடங்குகிறது. ஆசிரியனாகிய எனக்கு 60இல் ஓய்வூதியம் காத்திருக்கிறது. அவரோ இன்னும் ஆறாண்டு காத்திருத்தல் வேண்டும். உழைத்துத் தேய்ந்த உடல் அதுவரை பொறுக்குமா? முதுமையை ஆராயும் அறிஞர் முதியோர் தொகையை எண்ணுவதோடு அமையாது, இப்பத்தாண்டினை யார் எவ்வாறு கழிக்கின்றனர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். தாயை மகன்மேல் வழக்காட ஏவுமுன், அரசு தன் கடமையை 60இலேயே தொடங்குக.