வெட்டுப்பட்ட நாணயத்துக்கு லட்ச ரூபாயா? அச்சுப் பிழையையும் சேதத்தையும் பிரித்தறிவது எப்படி?

"இந்த 10 ரூபாய் நாணயம் உங்ககிட்ட இருக்கா? அப்போ நீங்க லட்சாதிபதி!" இப்படி ஒரு வீடியோவாவது உங்கள் ஃபோனுக்கு வந்திருக்கும். நாணயத்தின் விளிம்பு வெட்டுப்பட்டிருக்கும், எழுத்து நகர்ந்திருக்கும், அல்லது நடுப்பகுதியே இருக்காது.

அச்சுப் பிழை உள்ள நாணயங்களைச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது உண்மைதான். ஆனால், நாணயச்சாலைக்குள் நடந்தால்தான் அது பிழை. வெளியே வந்த பிறகு நடந்தால் வெறும் சேதம். சேதமான 10 ரூபாய்க்குக் கூடுதல் மதிப்பு எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

நாணயம் எப்படி உருவாகிறது?

மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய 4 இடங்களில் இந்திய நாணயங்கள் தயாராகின்றன. முதலில் உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படும். அவற்றின் ஓரம் சற்று உயர்த்தப்படும். பிறகு மேலும் கீழும் இரண்டு அச்சுகள், சுற்றிலும் ஒரு வளையம். நடுவில் வில்லையை வைத்து ஒரே அழுத்து. அந்த நொடியில் உலோகம் மெழுகைப் போல நகர்ந்து அச்சின் பள்ளங்களை நிரப்பும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எந்த வினோதத்தைப் பார்த்தாலும், "இந்த இயந்திரத்தால் இதைச் செய்ய முடியுமா?" என்று கேளுங்கள்.

எதைப் பார்க்க வேண்டும்?

மேடா, பள்ளமா? அச்சில் விரிசல் விழுந்தால், அதற்குள் உலோகம் புகுந்து நாணயத்தில் மேடான கோடாகத் தெரியும். பள்ளமான கோடு என்றால் பெரும்பாலும் பிறகு விழுந்த கீறல்.

ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா? வில்லையிலேயே வெட்டு இருந்தால், அதற்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பு பெரும்பாலும் மழுங்கலாக இருக்கும். எதிர்ப்பக்கம் கச்சிதமாக இருந்து, வெட்டிய இடத்தில் அரத்தின் தடமும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

எழுத்து தலைகீழாகப் பதிந்திருக்கிறதா? அடித்த நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அதன் கண்ணாடிப் பிம்பம் பள்ளமாக விழும். அது அசல் பிழை. அந்தப் பக்கத்தில் வேறு வடிவம் இருக்காது. இரண்டு நாணயங்களை ஒன்றாக வைத்து நசுக்கினாலும் தலைகீழ் எழுத்து வரும்; ஆனால், அதனடியில் பழைய வடிவம் நசுங்கிய நிலையில் தெரியும்.

10 ரூபாயின் நடுப்பகுதி விலகியிருக்கிறதா? அச்சடிக்கும்போதே விலகியிருந்தால், படமும் எழுத்தும் இரண்டு உலோகங்களின் மேலும் தொடர்ச்சியாக விழுந்திருக்கும். நடுப்பகுதியைக் கழற்றி மாட்டியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும்.

எடை சரியா? 10 ரூபாய் நாணயம் சுமார் 7.7 கிராம், விட்டம் 27 மில்லிமீட்டர். 2011 வரிசை 1 ரூபாய் 3.79 கிராம், 22 மில்லிமீட்டர். அமிலத்தில் ஊறவைத்த நாணயம் மெலிந்து, எடை குறைந்து, எல்லா எழுத்தும் ஒரே மாதிரி கரைந்திருக்கும். நகை எடை போடும் சின்னத் தராசு போதும், தெரிந்துவிடும்.

இரண்டு பக்கமும் ஒன்றா? 'ஷோலே' படத்தில் ஜெய் வைத்திருப்பாரே, அந்த மாதிரி நாணயம். பெரும்பாலும் இவை மேஜிக் கலைஞர்களுக்காக இரண்டு நாணயங்களைக் குடைந்து பொருத்தியவை. விளிம்பின் உள்பக்கம் மெல்லிய இணைப்புக் கோடு தெரியும். தட்டினால் ஓசையும் மாறும்.

பணம் எங்கே போகிறது?

பிழை நாணயத்தை நம்புவதால் வரும் நஷ்டத்தைவிட, அதை 'விற்கப்' போகும்போது வரும் நஷ்டம் பெரிது. "உங்கள் நாணயத்துக்கு இத்தனை லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள், கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள்" என்று கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் இழுப்பார்கள். இதைப் பற்றி 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, இதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை, தன் சார்பில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று தெளிவாகச் சொன்னது.

கொஞ்சம் யோசியுங்கள்: உங்கள் பொருளை வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். அவர் எதற்காக உங்களிடம் கேட்கிறார்?

நீங்கள் செய்ய வேண்டியது

வித்தியாசமான நாணயம் கிடைத்தால் தேய்க்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள். அசல் பிழையாகவே இருந்தாலும் அதன் விலை குறைந்துவிடும். மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள். தேறினால், நாணயக் கண்காட்சிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வியாபாரிகளிடம் நேரில் காட்டுங்கள். விலையை வீடியோவில் சொல்லும் தொகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதே வகை நாணயம் ஏலத்தில் உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள்.

நீங்களே வெட்டி, உருக்கிப் 'பிழை' செய்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 2011 நாணயச் சட்டப்படி குற்றம். 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு நாளைத் தள்ளாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.